கொடைக்கானலில் சின்ன வெங்காயம் ஏன் இரண்டே வாரத்தில் முளைத்துவிடுகிறது?

கேள்வி கேட்டவர் சென்னையிலிருந்து மாற்றலாகிக் கொடைக்கானலுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறதாம். அங்கே வாங்கிய பழக்கத்தில் இங்கேயும் ஐந்து கிலோ சின்ன வெங்காயம் வாங்கி வைக்கிறார். இரண்டு வாரத்தில் பாதி முளைத்துவிடுகிறது, மீதி வழுவழுவென்று அழுகிப்போகிறது. ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் அதே கதை. போதாக்குறைக்கு, சாம்பாரில் போட்ட வெங்காயம் அரை மணி நேரம் கொதித்த பிறகும் நறுக்கு நறுக்கென்று நிற்கிறது. கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறாரா, இல்லை தன் சமையலில்தான் கோளாறா என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. கோளாறு மலையில் இருக்கிறது. முளைப்பதற்கும் வேகாததற்கும் இந்த உயரம்தான் காரணம்.

நான் பிறந்தது ஒட்டன்சத்திரம் பக்கம், வெங்காயம் போடுகிற வீட்டில். வாக்கப்பட்டு வந்தது பெருமாள்மலைக்கு. கீழே எங்கள் வீட்டில் வெங்காயம் நாலு மாதம் கிடந்தாலும் கோலிக்குண்டு மாதிரி இருக்கும். அந்தத் தைரியத்தில், கல்யாணமான முதல் வருஷம் புரட்டாசிக் கடைசியில் அப்பா ஒரு மூட்டை வெங்காயம் அனுப்பிவைத்தார். "இதை எங்கம்மா வைக்கப்போற?" என்று அத்தை கேட்டார். இருட்டாக, குளுகுளுவென்று இருக்கிற இடத்தில் வைக்க வேண்டும் என்றுதானே எல்லோரும் சொல்வார்கள்? வீட்டிலேயே இருட்டான, குளிர்ந்த அறையில் கொண்டுபோய் வைத்தேன். தீபாவளிப் பலகாரத்துக்கு எடுக்கப் போனபோது வலைச்சாக்கின் கண் ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைக் கொம்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மூட்டையைத் தூக்கினால் அடியில் கறுப்பாகத் தண்ணீர். அத்தை திட்டவில்லை. "வெங்காயம் வச்சியா, தோட்டம் போட்டியா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் இரண்டு பேரும் உட்கார்ந்து பொறுக்கி, நல்லதை மட்டும் கூடையில் அள்ளி, விறகடுப்புக்கு மேலே மலைப்பூண்டு தொங்குகிற பரணில் ஏற்றினோம். அந்தக் கூடை தை வரைக்கும் வந்தது. அதே வெங்காயம், அதே வீடு. இடம்தான் மாறியது.

இதற்கான காரணம் எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. பிடுங்கிக் காயவைத்த வெங்காயம் தூங்குகிறது. அந்தத் தூக்கம் கலையாமல் இருக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, 25 முதல் 30 டிகிரி வரையான சூடும் நல்ல காற்றும். இன்னொன்று, பூஜ்யத்தை ஒட்டிய கடுங்குளிரும் உலர்ந்த காற்றும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற 10 முதல் 20 டிகிரிதான் அதற்கு எழுந்திருக்கும் நேரம். கொடைக்கானலில் வருஷத்தின் பெரும்பகுதி வீட்டுக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே 10 முதல் 20தான். மேலே மூடுபனியின் ஈரம் வேறு. 'குளிர்ந்த இடத்தில் வைக்கவும்' என்ற அறிவுரை 35 டிகிரி வெயிலில் இருப்பவர்களுக்குச் சொன்னது. நமக்கு அதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டிலேயே கதகதப்பான, உலர்ந்த இடம்தான் மலையில் வெங்காயத்துக்கு உரிய இடம்.

ஃபிரிட்ஜ் ஏன் கைகொடுக்கவில்லை என்றால், அதன் காய்கறித் தட்டு கீரையும் கேரட்டும் வாடாமல் இருக்க ஈரத்தைப் பிடித்து வைக்கிற இடம். அந்த ஈரத்தில் வெங்காயத்தின் அடிவேர் வெள்ளை வெள்ளையாகக் கிளம்பும், சருகு நமத்துப்போகும், பின்னாலேயே பூஞ்சை வரும். தோலோடு இருக்கிற வெங்காயத்தை ஃபிரிட்ஜுக்குள் வைக்கவே வேண்டாம்.

கீழே விவசாயிகள் போடுகிற பட்டறையைப் பார்த்திருந்தால் எல்லாமே விளங்கிவிடும். வத்தலக்குண்டு தாண்டி ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் போகிற வழியில் தோட்டத்து ஓரமாக, தென்னங்கீற்று மூடின நீளமான திண்ணை மாதிரி ஒன்று இருக்கும். அடியில் கல் வைத்து, அதன் மேல் மூங்கிலோ கட்டையோ பரப்பி, தரையின் ஈரம் தொடாமல் தூக்கியிருப்பார்கள். பக்கத்தில் தட்டியோ வலையோ. நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகும், அகலம் மட்டும் நாலைந்து அடியைத் தாண்டாது. தாண்டினால் நடுவில் இருக்கிற வெங்காயத்துக்குக் காற்று போகாமல் அவிந்துவிடும். மேலே கீற்று போட்டால் மழையும் வெயிலும் விழாது, காற்று மட்டும் குறுக்கே போய்வரும். விலை இல்லாத நேரத்தில் பட்டறை போட்டுவிட்டு விலைக்காகக் காத்திருப்பார்கள். அப்பா சாயங்காலம் பட்டறைக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார். உள்ளே வெதுவெதுவென்று இருந்தால் எங்கேயோ அழுக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். மறுநாள் காலையில் பட்டறையைப் பிரித்துவிடுவார்கள்.

நம் வீட்டில் செய்யவேண்டியதும் ஒரு குட்டிப் பட்டறைதான். அதற்கு முன்னால், வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். வாங்குவதில் கோட்டை விட்டால் எந்தப் பரணும் காப்பாற்றாது.

ஒரு கை அள்ளி, காதுக்குப் பக்கத்தில் வைத்து உருட்டுங்கள். சருகு சரசரவென்று சத்தம் போட வேண்டும். நமத்த அப்பளத்தைத் தொட்ட மாதிரி சத்தமே இல்லாமல் உருண்டால் அது ஈரக்காய். அடுத்தது கழுத்து. வெங்காயத்தாள் இருந்த இடத்தைப் பெருவிரலால் அழுத்துங்கள். காய்ந்து, முறுக்கி, இறுகி இருந்தால் நல்லது. மெத்தென்று உள்ளே போனால் உள்ளே அழுகல் ஆரம்பித்துவிட்டது. வெளியே பளபளவென்று இருந்தாலும் எடுக்காதீர்கள், வெங்காயம் பெரும்பாலும் கழுத்து வழியாகத்தான் கெடும். அடியில் வேர்க்குஞ்சம் காய்ந்த துடைப்பம் மாதிரி இருக்க வேண்டும். வெள்ளையாகப் புது வேர் தெரிந்தால் அது எழுந்துவிட்டது. சருகுக்கு அடியில் கரிப்பொடி மாதிரி கறுப்பாக இருந்தால் பூஞ்சை. மேல் தோலோடு நின்றிருந்தால் உரித்துக் கழுவி அன்றே சமைத்துவிடலாம். ஆனால் அப்படிப்பட்ட குவியலிலிருந்து சேர்த்துவைக்க வாங்கக் கூடாது. கடைசியாக, மூட்டையிலிருந்து வாங்கினால் அடியில் கையை விட்டு முகர்ந்து பாருங்கள். ஒரே ஒரு வெங்காயம் அழுகியிருந்தாலும் புளிச்ச வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

கடைக்காரரிடம் "புதுக்காயா, பழைய காயா?" என்று கேட்க வேண்டும். மற்ற காய்கறியில் புதுசுதான் உயர்த்தி. இதில் அப்படி இல்லை. புதுக்காய் ரோஸ் நிறத்தில், புசுபுசுவென்று, தோல் உரிய மறுக்கும். தண்ணீர் அதிகம், பச்சையாகக் கடித்தால் ருசி, வைத்தால் தங்காது. பழைய காய், அதாவது பட்டறையில் கிடந்து வந்தது, செம்புக் கலரில், இரண்டு மூன்று சருகோடு, கையில் வைத்தால் கெட்டியாக இருக்கும். விலை கூடத்தான் இருக்கும். கிடக்கக் கிடக்க எடை குறையும், நடுவில் கொஞ்சம் அழுகலும் கழியும் என்பதால் அந்த விலை நியாயம்தான். ஒரு வாரத்துக்கு என்றால் புதுக்காய், ஒரு மாதத்துக்கு என்றால் பழைய காய். மழையில் பிடுங்கிய காயாக இருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

இன்னொரு சங்கதி. விலை ஏறுகிற காலத்தில் பொடி பெல்லாரியை, அதாவது பெரிய வெங்காயத்தில் பொடியாக இருப்பதை, சின்ன வெங்காயத்தோடு கலந்துவிடுவது உண்டு. 2019 டிசம்பரில் சின்ன வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது ஒரு கடையில் நானே ஏமாந்து வாங்கி வந்தேன். அன்றைக்கு வைத்த வத்தக்குழம்பு சப்பென்று இருந்ததில்தான் கண்டுபிடித்தேன். அப்புறம்தான் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. சின்ன வெங்காயம் மண்ணுக்குள் தனியாக வளர்வதில்லை. ஒரு காயை நட்டால் அதைச் சுற்றி ஐந்தாறு காய் கொத்தாக ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு வரும். அதனால் பெரும்பாலான காய்க்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அண்ணன் தம்பி இடித்துக்கொண்டு படுத்த பக்கம் அது. குறுக்கே அரிந்தால் உள்ளே இரண்டு மூன்று நடுக்குருத்து தெரியும். பெல்லாரி எல்லாப் பக்கமும் உருண்டை, நடுக்குருத்தும் பொதுவாக ஒன்றுதான். கோ-5 மாதிரி விதை போட்டு வளர்க்கிற சின்ன வெங்காய ரகங்களும் உண்டு. அவை கொஞ்சம் பருமனாக இருக்கும், அதற்காக பெல்லாரி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அளவைப் பொறுத்தவரை, முழுசாகப் போடுகிற சாம்பாருக்கும் குழம்புக்கும் நடுத்தரக் காய். மிகப் பொடியாக இருப்பதை மலிவு என்று வாங்கினால் உரிப்பதற்குள் பொழுது போய்விடும்.

இனி வைக்கிற கதை. நம் ஊருக்கு வருகிற சின்ன வெங்காயம் பெரும்பாலும் ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் பக்கத்திலிருந்து லாரியில் தார்பாய் மூடி ஏறி வருவது. கீழே வெயிலில் சூடான காய், காட் ரோடு ஏறி மேலே வந்ததும் பனியில் வேர்த்துவிடும். சரக்கு இறங்கிய அன்றைக்கே வாங்கி, பையோடு மூலையில் வைத்தால் அந்த வேர்வை போதும், காரியம் முடிந்தது. அதனால் வீட்டுக்கு வந்ததும் சாக்கிலோ செய்தித்தாளிலோ ஒரே வரிசையாகப் பரப்புங்கள். அடுப்படிக்குப் பக்கத்து அறையாக இருந்தால் நல்லது. இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். வெயில் வந்தால் ஜன்னலோரம், நேர் வெயிலில் வேண்டாம். கழுத்து மெத்தென்று இருப்பதைக் கழித்துவிட்டு, அடிபட்டது, முளை தெரிவது எல்லாவற்றையும் பொறுக்கி அந்த வாரச் சமையலுக்கு எடுத்துவிடுங்கள். கழுவக் கூடாது. சருகை உரித்துச் சுத்தம் செய்து வைக்கவும் கூடாது, அதற்குச் சட்டை அதுதான்.

காய்ந்த பிறகு மூங்கில் கூடை அல்லது ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கூடை. நாலு விரல் உயரத்துக்கு மேல் குவிக்காதீர்கள். விறகடுப்பு இருக்கிற வீட்டில் அடுப்புக்கு மேலே பரண்தான் ராஜ இடம். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் மலைப்பூண்டைத் தாளோடு கட்டி, புகை படுகிற இடத்தில் தொங்கவிடுவது இதே கணக்கில்தான். 2019ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு அது. புகையும் சூடும் ஈரத்தை விரட்டும், பூஞ்சை அண்டாது. நாம் அந்த யோசனையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் விறகடுப்பு இருக்காது. கேஸ் அடுப்புக்கு நேர் மேலே வைத்துவிடாதீர்கள், சோறு வடிக்கிற ஆவியெல்லாம் அதன் மேல்தான் போகும். ஃபிரிட்ஜின் தலையில் வையுங்கள், பின்பக்கமாக. உள்ளே வைத்துத்தான் கெட்டது, மேலே வைத்தால் நிற்கும். அதன் முதுகிலிருந்து வருகிற வெதுவெதுப்பு ராத்திரி முழுக்க மேலே ஏறிக்கொண்டிருக்கும், மலை வீட்டில் அதைவிட உலர்ந்த இடம் கிடைப்பது கஷ்டம். காற்று வரச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். உருளைக்கிழங்குக் கூடையைப் பக்கத்தில் வைக்காதீர்கள், மலை உருளைக்கிழங்கு மண்ணும் ஈரமுமாகத்தான் வரும்.

வாரம் ஒரு நாள் கூடையைக் கொட்டிப் பொறுக்குங்கள். ஐந்து நிமிஷ வேலைதான். நான் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கிளம்புவதற்கு முன் செய்துவிடுவேன், எவ்வளவு வாங்கவேண்டும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அளவு பருவத்தைப் பார்த்து. மாசி, பங்குனி, சித்திரையில் ஐந்து கிலோ வாங்கினாலும் தங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு கிலோவுக்கு மேல் வாங்குவது காசைத் தண்ணீரில் போடுவதுதான்.

முளைத்ததைத் தூக்கிப் போடவேண்டாம், விஷமெல்லாம் ஒன்றுமில்லை. கெட்டியாக இருக்கிற வரை சமைக்கலாம். குருத்தில் கொஞ்சம் கசப்பும் காரமும் சேரும், அவ்வளவுதான். ஜன்னலோரத் தொட்டியில் பாதி வெளியே தெரிகிற மாதிரி ஊன்றிவிட்டால் மூன்று வாரத்தில் தாள் அறுக்கலாம். முட்டைப் பொடிமாஸில் அந்தத் தாளைப் போட்டுப் பாருங்கள்.

உரித்து வைப்பதென்றால் ஒரு வாரத்துக்கு மட்டும். உரித்ததைக் கழுவாமல், அல்லது கழுவினால் துணியில் நன்றாக ஒற்றி, அடியில் உலர்ந்த துணி விரித்த டப்பாவில் மூடி ஃபிரிட்ஜில். இங்கே ஃபிரிட்ஜ் சரி. கடையில் உரித்துப் பாக்கெட் போட்டதை நான் வாங்குவதில்லை. பிரித்ததும் வருகிற அந்தப் புளித்த வாடை குழம்பு வரைக்கும் வரும். பச்சை வெங்காயத்தை எண்ணெயில் முக்கி அடுப்படியில் வைக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அது வேண்டாம். காற்றில்லாத இடத்தில் வளர்கிற ஆபத்தான கிருமிக்கு அது தோதான இடம். நிறைய இருக்கிறது என்றால் நன்றாக வதக்கி அரைத்து ஃப்ரீசரில் வைப்பதே மேல்.

உரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. புதுக்காய் உரியாமல் அழவைக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டால் தோல் இளகிவிடும். ஊறப்போட்டது அன்றே சமையலுக்கு, திரும்பக் கூடைக்குப் போகக் கூடாது. கண் எரிச்சலில் மட்டும் மலை நமக்குச் சாதகம். வெங்காயத்துக்குள் கந்தகச் சத்து ஒரு பக்கமும் அதைக் காரமாக மாற்றுகிற நொதி வேறு பக்கமும் தனித்தனி அறையில் இருக்கின்றன. கத்தி படும்போதுதான் இரண்டும் கலந்து, கண்ணைக் கரிக்கிற ஆவி கிளம்புகிறது. குளிர்ந்த வெங்காயத்தில் அந்த வேலை மெதுவாக நடக்கும். மார்கழிக் காலையில் இங்கே கால் கிலோ உரித்தாலும் எனக்குக் கண் கலங்குவதில்லை. அம்மா வீட்டில் நாலு உரிப்பதற்குள் மூக்கு ஒழுகும்.

சமையலுக்கும் இதுவே திறவுகோல். முழுசாக வதக்கினால் அந்த இரண்டும் கலப்பதற்கு முன்பே சூடு நொதியை அடக்கிவிடுகிறது, அதனால் இனிப்பு மட்டும் மேலே நிற்கும். அம்மியில் நசுக்கினால் எல்லா அறையும் உடைந்து காரமும் மணமும் பொங்கும். சாம்பாருக்கு முழுசு, திண்டுக்கல் பிரியாணிக்கு அரைத்தது என்று கைப்பழக்கமாகச் செய்துவந்ததற்கு இதுதான் காரணம். பெல்லாரியில் தண்ணீர் அதிகம். சின்ன வெங்காயத்தில் தண்ணீர் குறைந்து சாறு கெட்டியாக இருப்பதால், அரைத்து வதக்கினால் எண்ணெய் சீக்கிரம் பிரியும், சீரக சம்பா குழையாமல் நிற்கும்.

இப்போது உங்கள் சாம்பார். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது கடற்கரைக்குச் சரி. மேலே ஏற ஏற, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். நம் ஊரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே தளபுள என்று கொதிக்க ஆரம்பித்துவிடும், அதற்கு மேல் சூடாகாது. தீயைக் கூட்டினால் குழம்பு வற்றுமே தவிர வெங்காயம் சீக்கிரம் வேகாது. பெருமாள்மலை கொஞ்சம் தாழ்வு, அதனால் எங்களுக்குக் கொஞ்சம் தேவலை. இதோடு நீங்கள் ஒரு காரியம் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புளிக்கரைசல் கொதிக்கும்போது வெங்காயத்தைப் போட்டிருப்பீர்கள். புளிப்பில் எந்தக் காயும் சீக்கிரம் இளகாது. சமவெளியில் இது அவ்வளவாகத் தெரியாது, இங்கே உயரமும் புளியும் சேர்ந்து வெங்காயத்தைக் கல்லாக்கிவிடும்.

வழி சுலபம். எண்ணெய்க்கு இந்த 93 கணக்கு கிடையாது. முதலில் நல்லெண்ணெயில் முழு வெங்காயத்தைப் போட்டு, நிதானமான தீயில் அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுகிற வரை வதக்குங்கள். பாதி வேக்காடு அங்கேயே முடிந்துவிடும். அப்புறம் பருப்புத் தண்ணீரோ வெறும் தண்ணீரோ விட்டு மூடி வேகவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் அமுங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் புளி. அவசரம் என்றால் வதக்கிய வெங்காயத்தைப் பருப்போடு குக்கரில் போட்டுவிடலாம். குக்கரிலும் கீழே வைப்பதைவிட ஒன்றிரண்டு விசில் கூட வேண்டியிருக்கும்.

சந்தையில் பட்டர் பீன்ஸ் வரும்போது நான் வைக்கிற குழம்பைச் சொல்கிறேன், நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான சேர்மானம் எனக்குத் தெரியாது. உரித்த பட்டர் பீன்ஸ் கால் கிலோ, உப்புப் போட்டுக் குக்கரில் மூன்று விசில். இருபத்தைந்து சின்ன வெங்காயத்தில் பதினைந்தை முழுசாக வைத்துக்கொண்டு, பத்தை அரை ஸ்பூன் சீரகம், நாலு பல் மலைப்பூண்டோடு ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மலைப்பூண்டுக்குக் காரம் அதிகம், நாலுக்கு மேல் போனால் அதுதான் பேசும். கடலை எண்ணெய் மூன்று ஸ்பூன் காய்ந்ததும் முழு வெங்காயத்தைப் போட்டுப் புள்ளி விழும் வரை வதக்கி, அப்புறம் நசுக்கியதைப் போடுங்கள். முதலில் மூக்கில் ஏறுகிற காரவாடை வரும். கிளறிக்கொண்டே இருந்தால் ஐந்தாறு நிமிஷத்தில் அந்த வாடை போய், வெல்லம் காய்ச்சுகிற மாதிரி ஒரு மணம் திரும்பும். அந்தத் திருப்பம் வருகிற வரை தக்காளியைத் தொடக் கூடாது. முக்கால்வாசிப் பேர் அவசரப்படுவது இங்கேதான். அதன் பிறகு ஒரு தக்காளி, குழம்புப் பொடி இரண்டு ஸ்பூன், வெந்த பீன்ஸ் அதன் தண்ணீரோடு. கொதித்ததும் ஒரு கைப்பிடி தேங்காயும் கொஞ்சம் சோம்பும் அரைத்து ஊற்றி, ஒரு கொதியில் இறக்கிவிடுங்கள். புளி வேண்டாம், தக்காளிப் புளிப்பு போதும்.

பச்சையாகச் சாப்பிட என்றால் புதுக்காய்தான். நாலு வரமிளகாய், கொஞ்சம் புளி, உப்பு, இரண்டு கை சின்ன வெங்காயம், எல்லாவற்றையும் வதக்காமல் அரைத்து, மேலே தாராளமாக நல்லெண்ணெய் ஊற்றினால் இட்லிக்குப் போதும். அந்தச் சட்னியை அரைத்த உடனே சாப்பிட வேண்டும், நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும்.

சுட்ட வெங்காயமும் ஒரு தடவை செய்து பாருங்கள். குளிர்காய விறகு மூட்டுகிற ராத்திரியில், தணலின் ஓரச் சாம்பலுக்குள் பத்துப் பன்னிரண்டு வெங்காயத்தைத் தோலோடு புதைத்துவிட்டுக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருங்கள். வெளியே கரியாகி, உள்ளே அல்வா மாதிரி இளகியிருக்கும். அடியைக் கிள்ளிவிட்டு அழுத்தினால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சுட்ட பச்சைமிளகாய், கல் உப்போடு கையால் பிசைந்து சுடுசோற்றுக்கு. இந்த வெங்காயத்துக்குள் இவ்வளவு இனிப்பு இருக்கிறதா என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது இதைத் தின்ற பிறகுதான்.

கீழே விலை விழுந்து, அம்மா வீட்டில் வெங்காயம் மலிந்து கிடந்தால் அதை மலைக்குக் கொண்டுவர ஒரே நல்ல வழி வடகம். அதை இங்கே போட முடியாது, வெயிலை நம்பி மொட்டை மாடியில் வைத்தால் பன்னிரண்டு மணிக்கு மூடுபனி வந்து உட்கார்ந்துகொள்ளும். சித்திரையில் பிள்ளைகளோடு கீழே போகிறபோது போட்டுக்கொண்டு வருவேன். இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தை உரித்து உரலில் ஒன்றிரண்டாக இடித்து, கால் கிலோ உடைத்த கறுப்பு உளுந்தை ஊறவைத்துக் களைந்து கரகரப்பாக அரைத்துச் சேர்க்க வேண்டும். நூறு கிராம் தட்டிய பூண்டு, கடுகும் சீரகமும் ஐம்பது ஐம்பது கிராம், வெந்தயம் இருபத்தைந்து, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு. ராத்திரி முழுக்க மூடி வைத்துவிட்டு, காலையில் எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிழிந்து பாயில் காயவைப்பது. பிழிந்த சாறு வீணாகாது. சாயங்காலம் உருண்டைகளை அந்தச் சாற்றிலேயே உதிர்த்துப் போட்டு, மறுநாள் மறுபடி பிடித்து வெயிலில். சாறு தீர்ந்த பிறகும் எட்டுப் பத்து நாள் காய வேண்டும். கடைசியில் கையில் விளக்கெண்ணெய் தடவி உருட்டி, ஜாடியில் போட்டு மூடினால் வருஷம் வரும். மேலே கொண்டுவந்த பிறகு ஜாடியைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஈரக்கை படாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வேலை. வத்தக்குழம்பில், கீரைக் கடைசலில், வெறும் ரசத்தில்கூட ஒரு உருண்டையை உதிர்த்துத் தாளித்தால், அடைமழையில் கூடையில் வெங்காயம் இல்லாத குறை தெரியாது.

உங்களுக்கு இப்போது மீதி இருக்கிற வெங்காயத்தை இன்றைக்கே கொட்டிப் பொறுக்குங்கள். கெட்டியாக முளைத்தது சமையலுக்கும் தொட்டிக்கும், மெத்தென்று இருப்பது குப்பைக்கு, நல்லது ஃபிரிட்ஜின் தலைக்கு. அடுத்த தடவை மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ போய்த் திரும்புகிறபோது வத்தலக்குண்டில் இறங்கி, பழைய காயாகக் கேட்டு இரண்டு கிலோ வாங்குங்கள். பையின் வாயைக் கட்டாமல் மடியில் வைத்துக்கொண்டு ஏறி வாருங்கள்.